ஜீவனாம்ச ரொட்டி

பேக்கரி மாஸ்டருக்கு மாவைக் கட்டுக்குள் வைக்கத் தெரியும். வாயைக் கட்டுக்குள் வைக்கத் தெரியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழைக்காலத்தில் மட்டும்தான் கத்தும். மாஸ்டருக்குப் பன்னிரண்டு மாதமும் மழைக்காலம்தான்.

அந்த வாய்க்குப் பயந்துதான் அவருடைய மனைவி, பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பிறந்த வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பேர். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோதும் அந்தப் பேர் அவளுக்காக அப்படியே காத்திருந்தது.

அடி உதை என்று எதுவும் இல்லை. மாஸ்டர் குடிக்கிற ஆளும் இல்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு சோப்பு வாங்க வேண்டுமென்றாலும் அவள் கடைக்குப் போய்க் கல்லாவுக்கு முன்னால் நின்று கேட்க வேண்டும். ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லாரும் நிற்பார்கள்.

"எதுக்கு?" என்பார் மாஸ்டர்.

"சோப்பு."

"போன வாரம்தானே வாங்கின? குளிக்கிறியா, கடிச்சுத் தின்னுறியா?"

நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் மாஸ்டருக்கு இன்னும் இரண்டு வார்த்தை வரும். அந்தக் கடையில் விற்ற ரொட்டிக்கெல்லாம் விடியற்காலையில் காகிதம் சுற்றிக் கட்டியது அவள் கைதான். அதற்கு யாரும் கூலி கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒருநாள் பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. மருந்துக்குக் காசு கேட்டபோதும் பழக்கதோஷத்தில் "எதுக்கு?" என்றார். அன்றைக்கு மருந்தை அண்ணன் காசில் வாங்கிக் கொடுத்தாள். அதற்கப்புறம் திரும்பிப் போகவில்லை.

அண்ணன் வேன் ஓட்டுகிறவர். பஞ்சாலைக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது வேலை. வீடு இரண்டு அறையும் ஒரு சமையலறையும். அண்ணி நல்லவள். ஆனால் நல்லவள் வீட்டிலும் சமையலறை ஒன்றுதானே? சின்னவள் ஒரு கரண்டியை இடம் மாற்றி வைத்தால் அண்ணி ஒன்றும் சொல்லமாட்டாள்; அதை எடுத்துப் பழைய இடத்தில் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தனியாக ஒரு அறை பிடித்து, பாப்பாவைச் சேர்த்துவிட வேண்டும். மாதம் பிறந்தால் பணம் தானாக வர வேண்டும். இனி யார் கல்லா முன்னாலும் போய் நிற்கக் கூடாது. சின்னவள் வழக்குப் போட்டது இதற்குத்தான். வக்கீலம்மாவிடமும் இதைத்தான் சொன்னாள். "வேற ஒண்ணும் வேணாம் மேடம். கேக்காம வரணும்."

வழக்கு மூன்று முறை தள்ளிப்போய், நான்காவது முறை சமரசத்துக்கு வந்தது. ஒரு நீள மேசை, சத்தம் போடும் மின்விசிறி, தண்ணீர்க் கேன். சமரசம் பேசுகிறவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஆயுள் முழுக்க அடுத்தவர் சண்டையைக் கேட்டவர். யார் என்ன சொன்னாலும் "அப்படியா" என்பார்.

மாஸ்டர் புருவத்தில் மாவோடு வந்து உட்கார்ந்தார். முகம் கழுவ நேரமில்லாமல் வேலை என்று காட்டிக்கொள்வது அவருடைய வழக்கம். அன்றைக்கு மட்டும் வேலையே இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. புருவத்தை மறந்துவிட்டார்.

"கொடுக்கக் கூடாதுன்னு எண்ணமில்ல சார். இருந்தாத்தானே கொடுக்க? வியாபாரம் படுத்துடுச்சு."

"அப்படியா? ரொட்டி நல்லா இல்லையா?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? என் ரொட்டி மாதிரி இந்த ஊர்ல எவன் போடுறான்? பஞ்சு மாதிரி இருக்கும். ஒரு தடவை தின்னவன் வேற கடைப்படி மிதிக்கமாட்டான்."

"அப்படியா? அப்போ வியாபாரம் நல்லா நடக்கணுமே."

பக்கத்தில் இருந்த மாஸ்டரின் வக்கீல் இருமினார். மாஸ்டர் சுதாரித்துக்கொண்டார்.

"நடக்கல சார். ரொட்டி நல்லாத்தான் இருக்கு, வாங்கத்தான் ஆளில்ல. பாதி விலைக்குத் தள்ளிட்டிருக்கேன்."

"பாதி விலைக்கா?"

"பாதிக்குத்தான். அதுக்கும் கெஞ்ச வேண்டியிருக்கு."

வக்கீலம்மா விடவில்லை. "சார், இவங்க கடைல காலையில நிக்க இடமிருக்காது. நானே வரிசைல நின்னு வாங்கியிருக்கேன்."

"நீங்க என்னைக்கோ வந்திருப்பீங்க" என்றார் மாஸ்டர். பிறகு அவருக்கு ஒரு யோசனை உதித்தது. உதிக்கும்போதே அது வாய்க்கு வந்துவிட்டது. "சார், காசு காசுன்னா நான் எங்க போவேன்? என்கிட்ட இருக்கிறது சரக்கு. காசுக்குப் பதிலா ரொட்டியா எடுத்துக்கச் சொல்லுங்க. புள்ள பட்டினி கிடக்காது. அவ்வளவுதானே இவளுக்கு வேணும்?"

சின்னவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும், எழுந்து போய்விடுவாள், வழக்கு இன்னும் ஆறு மாதம் இழுக்கும் என்பது அவர் கணக்கு. நீதிபதி வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மாதத்துக்குத் தர வேண்டிய தொகையை எழுதி, மாஸ்டர் வாயாலேயே சொன்ன பாதி விலையால் வகுத்தார்.

"ஒரு நாளைக்கு நாப்பது ரொட்டி வருது" என்றார்.

சரியான விலையைச் சொல்லியிருந்தால் இருபதோடு போயிருக்கும். மாஸ்டரின் வக்கீல் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். மாஸ்டருக்கோ, நாற்பது என்றது தன் அடுப்பைக் கேலி செய்வதாகப் பட்டிருக்க வேண்டும்.

"நாப்பது எந்த மூலைக்கு? என் அடுப்புல ஒரு ஓரத்துக்குக் காணாது!"

"வியாபாரம் படுத்த அடுப்பா?" என்றாள் வக்கீலம்மா.

அவள் சின்னவளின் காதருகில் குனிந்தாள். "ஒத்துக்காதம்மா. ரொட்டியைக் கொடுத்து வாடகை கட்ட முடியுமா? காசுக்கே உத்தரவு வாங்கலாம்."

"உத்தரவு வாங்கலாம் மேடம். காசு வாங்க முடியாது. இவரு காசை ஒளிச்சு வைப்பாரு. ரொட்டியை எங்க ஒளிக்கிறது? மறுநாளே காஞ்சு போயிடுமே."

அவள் தலையை நிமிர்த்தி நீதிபதியிடம் நேராகச் சொன்னாள். "ரொட்டியாவே கொடுக்கட்டும் ஐயா. ஆனா காலையில முதல் ஈட்டு ரொட்டியா இருக்கணும். நேத்து மிஞ்சினது கூடாது."

"நான் என்னைக்குடி நேத்து ரொட்டி வித்தேன்?" மாஸ்டர் துள்ளி எழுந்தார். "எழுதிக்கோங்க சார். முதல் ஈடு. சூடு ஆறாம வாசலுக்கு வரும்."

எழுதிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் மறுபடி கூடிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

மறுநாள் விடியும்போதே வாசலில் மணியடித்தது. மாஸ்டர் ரொட்டியைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடும் சைக்கிள்காரர், வண்டிக்குப் பின்னால் கட்டிய பெரிய தகரப் பெட்டியைத் திறந்தார். நாற்பது ரொட்டிகளும் சூடாக, காகிதம் சுற்றாமல், அச்சிலிருந்து தட்டிய மேனிக்கு இருந்தன.

அண்ணி வாசலுக்கு வந்து பார்த்தாள். "ஏம்மா, இது வீடா, கல்யாண மண்டபமா?"

"கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணி."

"தினமுமா வரும்?"

"தினமும்தான்."

அண்ணி உள்ளே போய்விட்டாள். கரண்டிச் சத்தம் கேட்டது.

முதல் வாரம் அந்த வீடு ரொட்டியில் மூழ்கியது. காலையில் ரொட்டி, மதியம் ரொட்டி, இரவு ஒரு மாறுதல் வேண்டுமே என்று வாட்டிய ரொட்டி. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். இரண்டு நாள் வாயெல்லாம் பல்லாக வாங்கினவர்கள் மூன்றாம் நாள் சின்னவள் தலையைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அலமாரியில் துணிக்குப் பக்கத்தில் ரொட்டி. ரேடியோ மேல் ரொட்டி. பாப்பா தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு நம்ம மேல அவ்வளவு கோபமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன்தான் முதலில் சிரித்தார். சின்னவளும் சிரித்துவிட்டு, சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றாள். பார்த்து வைத்த அறைக்கு வீட்டுக்காரர் முன்பணம் கேட்டிருந்தார். நாற்பது ரொட்டியும் இவளுமாக நிற்கிறாள். வக்கீலம்மா சொன்னது சரிதானோ என்று பயமாக இருந்தது.

அந்தப் பயத்தைத் தெளிய வைத்தது அண்ணன்தான். மறுநாள் ஒரு கூடை ரொட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். காலை ஷிப்டுக்குப் போகிற பெண்கள் பாதிப் பேர் வெறும் வயிற்றோடுதான் வேன் ஏறுவார்கள். திரும்பி வந்தபோது கூடையில் துண்டு மட்டும் இருந்தது.

"சின்னவளே, நாளைக்கு ரெண்டு கூடை கட்டு. காசு கொடுத்து வாங்குறாங்க. சும்மா கொடுத்தாத்தான் இந்த ஊருக்கு அருமை தெரியாது."

அடுத்த வாரம் ஆலை வாசலுக்கு எதிரே, வேன்கள் வந்து நிற்கும் திருப்பத்தில், ஒரு மேசை போட்டாள். ஒரு கரி அடுப்பு, ஒரு இரும்புக் கல், நீளக் கத்தி. சூடான ரொட்டியை அப்படியே வெட்டினால் நசுங்கி மாவாகிவிடும். ஆவி அடங்கும்வரை விட வேண்டும். அதுவரை அவள் அடுப்பை மூட்டினாள். பிறகு துண்டு துண்டாக அறுத்துக் கல்லில் வாட்டினாள். வேண்டியவர்களுக்கு முட்டை ஊற்றிக் கொடுத்தாள். வேண்டாதவர்கள் முழு ரொட்டியாக வாங்கிப் போனார்கள். கடையில் விற்பதைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் விலை வைத்தாள்.

ஒருநாள் கூட்டம் தாங்காமல் திணறுவதைப் பார்த்து அண்ணி வந்து நின்றாள். "தள்ளு" என்றாள். முட்டையை ஒரு கையால் உடைத்தாள். அவளுக்கு அப்படி ஒரு வித்தை தெரியும் என்பது கட்டின புருஷனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அண்ணி வராத நாளில்லை. மேசையில் கரண்டிகள் எங்கே இருக்க வேண்டும் என்று அவளே முடிவு செய்தாள், சின்னவள் மாற்றவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் கட்டினார்கள். மழையில் வாட்டிய ரொட்டிக்கு வேறு விளம்பரம் வேண்டாம். வாசனையே தெருமுனை வரை போய் ஆளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது. அண்ணன் விளையாட்டாக வைத்த பேர் அதற்குள் ஆலை முழுக்கப் பரவியிருந்தது.

"அக்கா, ரெண்டு ஜீவனாம்சம், முட்டை போட்டு!"

"எனக்கு ஒரு ஜீவனாம்சம், நல்லா முறுகலா!"

முதல் நாள் சின்னவளுக்குக் காது மடல் சுட்டது. இரண்டாம் நாள் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் அவளே, "ஜீவனாம்சம் தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்க" என்றாள்.

மாஸ்டர் கடைச் செய்தியைச் சைக்கிள்காரர்தான் கொண்டுவருவார். பெட்டியை இறக்கிவைத்து, ஒரு வாட்டிய துண்டைக் கடித்துக்கொண்டே சொல்வார். அவருக்கும் அந்தக் கல்லாவோடு பழைய கணக்கு இருந்தது.

"நேத்து சாயங்காலம் அலமாரி நிறைய சரக்கு மிஞ்சிப்போச்சும்மா. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, எவன்டா போட்டிக்கு வந்திருக்கான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீங்கதான் மாஸ்டர்னு சொன்னேன்."

அண்ணி முட்டையைக் கல்லுக்கு வெளியே ஊற்றிவிட்டாள். சிரித்து முடிக்க நேரமாயிற்று.

உண்மையும் அதுதான். ஆலைக்காரர்கள் வீடு திரும்பும் வழியில் மாஸ்டர் கடையில் நின்று வாங்கிய ரொட்டியை இப்போது காலையிலேயே, அதே ரொட்டியை, அதைவிடச் சூடாக, அதைவிட மலிவாக வாங்கிக்கொண்டார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பதை மாஸ்டர் மாவு பிசைந்து, விறகு போட்டு, வாசல் வரை கொண்டுவந்து செய்துகொண்டிருந்தார்.

சும்மா இருப்பாரா? ஒருநாள் காலை சின்னவள் வழக்கம்போல ஓரத்தில் ஒரு துணுக்குப் பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு துணுக்குப் பிய்த்தாள்.

"அண்ணி, உப்பே இல்ல."

"மறந்திருப்பாரு."

"இவரா? என் பேரை மறப்பாரு, உப்பை மறக்கமாட்டாரு."

விற்பதா வேண்டாமா என்று யோசித்தாள். ஏமாற்றி விற்க மனசு வரவில்லை. வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லியே கொடுத்தாள். "இன்னைக்கு உப்பில்ல. முட்டைல சேர்த்துப் போட்டுத் தரேன். வெறும் ரொட்டி வேணும்னா விலை குறைச்சுக்கிறேன். ஏன்னு கேக்கணும்னா மாஸ்டரைக் கேளுங்க."

கேட்டார்கள். அன்று சாயங்காலம் ஆலை விட்ட கூட்டம் மாஸ்டர் கடை வாசலில் நின்றுதான் வீட்டுக்குப் போயிற்று. "என்ன மாஸ்டர், கை போயிடுச்சா?" என்றார் ஒருவர். "வயசாகுதுல்ல, நாக்கு மரத்துப்போகும்" என்றார் இன்னொருவர். "பாவம், வீட்ல ஆளில்ல. மனுஷன் எப்படித்தான் சமாளிப்பாரு" என்று ஒரு அம்மா பரிதாபப்பட்டாள். திட்டியிருந்தால்கூட மாஸ்டர் தாங்கியிருப்பார். பரிதாபம்தான் நெஞ்சில் குத்தியது.

மறுநாள் வந்த ரொட்டி மாதிரி சின்னவள் அந்த எட்டு வருஷத்திலும் பார்த்ததில்லை. மேல்தோல் பொன்னாக, ஒரு வெடிப்பில்லாமல், உள்ளே நூல் நூலாகப் பிரிந்து வந்தது.

"யாரையும் தொட விடலம்மா" என்றார் சைக்கிள்காரர். "அவரே பிசைஞ்சு, அவரே அடுப்பு பார்த்தாரு. பெட்டியில அடுக்குறதைக்கூட என்னை நம்பி விடல."

சின்னவள் ஒரு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இந்த மனுஷனுக்கு இவ்வளவு அக்கறை இருக்கிறது, எல்லாம் மாவுக்கே போய்விட்டதே என்று நினைத்தபோது அவளுக்குக் கோபமும் வந்தது, துக்கமும் வந்தது. அதற்குள் முதல் வேன் வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாட்கள் இருக்கையில், மறுபடி அதே நீள மேசை. மாஸ்டர் இந்த முறை முகம் கழுவி, தலை சீவி வந்திருந்தார். கையில் ஒரு காகிதப் பை. நீதிபதி ஆரம்பிப்பதற்கு முன்பே பையை மேசையில் வைத்தார்.

"காசாவே கொடுத்துடறேன் சார். ரொட்டியை நிறுத்தச் சொல்லுங்க."

"அப்படியா? காசே இல்லைன்னீங்களே?"

"புரட்டிட்டேன்."

"பாதி விலைக்கு வித்தா?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். அவருடைய வக்கீல் இந்த முறை காலை மிதிக்கவில்லை. அவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீலம்மா எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வைத்தாள். மாதம் முதல் தேதி, சின்னவளின் வங்கிக் கணக்கில், முழுத் தொகை. இருவரும் கேட்கவோ சொல்லவோ வேண்டாம். மாஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். தலையிலிருந்து பெரிய மூட்டையை இறக்கிவைத்த முகம். பேனாவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ அந்த மேசையை எடுத்துடுவேல்ல?"

"எதுக்கு எடுக்கணும்?" என்றாள் சின்னவள். "பாலத்துக்கு அந்தப் பக்கத்து பேக்கரில பேசிட்டேன். நாளையிலேருந்து அவங்க ரொட்டி போடுறாங்க."

மாஸ்டர் எழுந்தேவிட்டார். "அவனா? அவன் போடுறதுக்குப் பேர் ரொட்டியா? அதைச் செங்கல்லுன்னு வச்சுச் சுவர் எழுப்பலாம்! அதை என் ஆளுங்களுக்குக் கொடுக்கப் போறியா?"

"உங்க ஆளுங்களா? என் கடைக்கு வர்றவங்க."

"என் ரொட்டியைத் தின்னு பழகின நாக்கு அது! ஏன், என் ரொட்டிக்கு என்ன குறைச்சல்? சொல்லு. இந்த சார் முன்னாடியே சொல்லு."

சின்னவள் அவர் பக்கம் திரும்பினாள். மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"ரொட்டில ஒரு குறையும் இல்லைங்க" என்றாள். "என்னைக்குமே இருந்ததில்ல. உங்க ரொட்டி மாதிரி நான் எங்கயும் பார்க்கல. மாவைத் தொடுறப்போ உங்க கை எவ்வளவு பதமா இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் பக்கத்துலயே நின்னு பார்த்தவ. அந்தப் பதத்துல ஒரு வார்த்தை என்கிட்ட பேசியிருந்தா, நான் இன்னைக்கும் அங்கதான் காகிதம் சுத்திட்டிருப்பேன்."

மாஸ்டருக்கு வாயடைத்துப்போயிற்று. அவர் வாய் அடைத்ததை அந்த அறையில் இருந்தவர்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்துக் குடித்தார். இன்னொரு தம்ளர் குடித்தார்.

"அந்தப் பக்கத்துக்காரன்கிட்ட வேணாம்" என்றார் மெதுவாக. "நானே போடுறேன். நீ காசு கொடுத்து எடுத்துக்கோ."

"மத்த கடைங்களுக்கு என்ன விலையோ அதே விலை."

"சரி."

"ரொக்கம். கடன் சொல்லமாட்டேன். உப்பில்லாம வந்தா திருப்பி அனுப்புவேன்."

"வராது."

"வந்துச்சே."

"இனிமே வராது."

நீதிபதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதையும் எழுதிடவா?"

"வேணாம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒத்துப்போய்ச் சொன்னது அநேகமாக அந்த ஒன்றுதான்.

ஆலைக்குப் பின் தெருவில் ஒரு அறை கிடைத்தது. ஒற்றை ஜன்னல், காலை வெயில் நேராக உள்ளே விழும். அண்ணி கூடவே வந்து, சமையல் மேடையில் எதையும் தொடாமல், "உன் இஷ்டப்படி அடுக்கிக்கோ" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாதப் பணம் முதல் தேதி வந்தது. கேட்காமலே வந்தது. தினமும் காலையில் சைக்கிள்காரர் ரொட்டியை இறக்கினார். சின்னவள் காசை எண்ணி அவர் கையில் கொடுத்தாள். சில நாட்களில் நாற்பதுக்கு மேல் இரண்டு கூடுதலாக இருக்கும். அந்த இரண்டுக்கும் சேர்த்தே கொடுத்தனுப்பினாள்.

பாப்பாவைச் சேர்க்கப் போன அன்று பள்ளியில் நல்ல கூட்டம். அவர்கள் முறை வந்ததும் டீச்சர் பாப்பாவைப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டாள்.

"பயப்படாமச் சொல்லும்மா. அம்மா என்ன வேலை பார்க்குறாங்க?"

"கடை வச்சிருக்காங்க."

"அப்பா?"

பாப்பா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"அம்மா கடைக்கு ரொட்டி போடுறாரு டீச்சர்."

டீச்சர் நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள் சின்னவள். "நல்லாத்தான் போடுறாரு."